மணி கட்டிய கொழுப்புக் குமிழ்கள்: கதிரியக்க லிப்போசோம்கள் புற்றுக்கட்டியைப் படம்பிடிக்க உதவும் விதம்

புற்றுநோய் ஆராய்ச்சி பற்றிய செய்திகளில் ‘கட்டியைத் தேடிப் போய்க் காட்டிக்கொடுக்கும் நானோ துகள்’ என்ற தொடர் ஏதாவது ஒரு வடிவில் அடிக்கடி வந்துவிடுகிறது. படிக்கிறவர் மனத்தில் அது கண்ணும் அறிவும் உள்ள ஒரு சின்னஞ்சிறு வேட்டைநாயாகப் பதிந்துவிடுகிறது. வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது அப்படிப்பட்ட ஒரு செய்தி எவ்வளவு நம்பிக்கையைக் கிளப்புகிறது என்பதையும், மருத்துவரிடம் கேட்டபின் அது எப்படி அடங்கிப்போகிறது என்பதையும் நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தச் செய்திகள் முழுப் பொய் அல்ல. அவற்றின் பின்னால் அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் உண்மையில் நடப்பது வேறு. அது சொல்லப்படுவதைவிட எளிமையானது, எனக்கு அதைவிடச் சுவையானதும் கூட.

இந்தக் கட்டுரை கதிரியக்கக் குறியிட்ட லிப்போசோம்களைப் பற்றியது. பெயரில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. லிப்போசோம் என்பது ஒரு கொழுப்புக் குமிழ். கதிரியக்கம் என்பது அதன்மேல் ஏற்றப்படும் அடையாளம். குறியிடுதல் என்பது அந்த அடையாளத்தை அதனோடு பிணைக்கும் வேலை. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தவறான புரிதல்கள் பிறக்கின்றன. ஆகவே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

கொழுப்புக் குமிழ் உருவாவது எப்படி

எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலியை வெறும் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் பிசுக்குப் போவதில்லை. சோப்பைத் தொட்டுத் தேய்த்தவுடன் போய்விடுகிறது. சோப்பின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள் இருப்பதே காரணம். ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை நீரை விலக்கி எண்ணெயை நாடும். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வும் இதே இயல்புள்ள மூலக்கூறுகளால் ஆனது. அவற்றுக்குப் பாஸ்போலிப்பிட் என்று பெயர். ஒரு நீர்விரும்பும் தலையும் நீரை விலக்கும் இரண்டு வால்களும் கொண்ட கொழுப்பு மூலக்கூறு அது. முட்டையின் மஞ்சள் கருவிலும் சோயாவிலும் இது நிறைய உண்டு. சாக்லேட் உறையில் ‘லெசித்தின்’ என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இதைத்தான்.

பாஸ்போலிப்பிட்டுகளைத் தண்ணீரில் போட்டால் வால்கள் நீரிலிருந்து ஒளிந்துகொள்ள வேண்டும், தலைகள் நீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் நிறைவேற, இரட்டை வாலுள்ள இவற்றுக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, வால்கள் உள்முகமாக நிற்க, ஒரு மெல்லிய தாளைப்போல் அமைகின்றன. அந்தத் தாளின் ஓரங்களும் நீரில் படக்கூடாதல்லவா? அதனால் தாள் வளைந்து தன்னையே மூடிக்கொண்டு உருண்டையாகிறது. உள்ளே கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் கொழுப்புச் சுவர், வெளியே மறுபடியும் தண்ணீர். இந்த உருண்டையே லிப்போசோம். யாரும் அதை உட்கார்ந்து கட்டுவதில்லை. பொருள்களின் இயல்பினால் அது தானே உருவாகிறது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே உள்ள பாப்ரகாம் ஆய்வகத்தில் அலெக் பாங்காம் என்னும் ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் இதைக் கண்டார். புற்றுநோய்க்கும் அவர் தேடியதற்கும் தொடர்பில்லை. இரத்தம் உறைவதில் கொழுப்புகளின் பங்கு என்ன என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்த அந்த அடுக்கடுக்கான உருவங்கள் செல் சவ்வை அப்படியே ஒத்திருந்தன. லிப்போசோம் என்ற பெயர் 1968-ல் வந்தது. உள்ளே இருக்கும் நீரில் எதையாவது கரைத்து அடைத்து உடலுக்குள் அனுப்பலாமே என்ற எண்ணம் அதற்குச் சில ஆண்டுகளிலேயே எழுந்துவிட்டது.

மருத்துவத்துக்குப் பயன்படும் லிப்போசோமின் குறுக்களவு பெரும்பாலும் 100 நானோமீட்டரை ஒட்டியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஓர் இரத்தச் சிவப்பணுவின் குறுக்கே எழுபதுக்கும் மேற்பட்ட லிப்போசோம்களை வரிசையாக வைக்கலாம். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டிக்குள் நுழையும் கதை முழுவதும் இந்த அளவைச் சுற்றியே நடக்கிறது.

இருட்டில் மாட்டைக் கண்டுபிடிக்க மணி

100 நானோமீட்டர் உருண்டையை உடலுக்கு வெளியிலிருந்து எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது. மேய்ச்சலுக்குப் போன மாடு இருட்டிய பிறகும் வரவில்லை என்றால் கிராமத்தில் என்ன செய்வார்கள்? கழுத்தில் கட்டிய மணியின் ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள். மாடு தெரியாது, மணி கேட்கும். லிப்போசோமுக்குக் கட்டப்படும் மணியே கதிரியக்க அணு.

கதிரியக்க அணு என்பது நிலையற்ற கருவைக் கொண்ட அணு. அது ஒரு கட்டத்தில் தன்னிடமுள்ள மிகை ஆற்றலைக் கதிராக வெளியேற்றி நிலைபெறுகிறது. படம் எடுப்பதற்குப் பயன்படுபவை காமா கதிர்கள். எக்ஸ் கதிரைப்போல இவையும் தசையையும் எலும்பையும் ஊடுருவி வெளியே வரக்கூடியவை. எக்ஸ் கதிர்ப் படத்தில் கதிர் வெளியிலிருந்து உடலுக்குள் போகிறது. இங்கே உடலுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. வரும் கதிரைப் பிடித்து, அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணக்கிட்டுப் படமாக்குவதே கருவியின் வேலை.

அந்தக் கருவிகள் இரண்டு வகை. காமா கேமரா, இண்டியம்-111, டெக்னீசியம்-99எம் போன்ற அணுக்களின் கதிரை ஈயச் சல்லடை வழியாக வாங்கிப் பதிவு செய்கிறது. பெட் ஸ்கேன், தாமிரம்-64, சிர்கோனியம்-89 போன்ற வேறு வகை அணுக்களுக்கானது. இவை பாசிட்ரான் என்னும் துகளை வெளியிடும்; அது அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி அழிகையில் நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமா கதிர்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் அவை பிறந்த இடம் அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ இருக்கிறது என்று உறுதியாகிவிடும். அதனால் பெட் ஸ்கேன் சில மில்லிமீட்டர் அளவு வரை பிரித்துக் காட்டுகிறது. காமா கேமராவுக்கு அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிடலாம். லிப்போசோம் இயல்பில் கதிரியக்கம் உள்ள பொருள் அல்ல. ஏற்றிய அணுவே கதிரை வெளியிடுகிறது. படத்தில் ஒளிர்வது கட்டியும் அல்ல, லிப்போசோமும் அல்ல, அந்த அணு மட்டுமே. மணி மாட்டின் கழுத்தில் இருக்கும் வரைதான் ஓசை மாட்டைக் காட்டும். முள்ளில் சிக்கி அறுந்து விழுந்துவிட்டால் நாம் போய் நிற்பது வெறும் புதருக்கு முன்னால்தான்.

கட்டிக்குள் நுழைவது எப்படி

நல்ல இரத்தக் குழாய் என்பது கரை கெட்டித்த பழைய வாய்க்காலைப் போன்றது. அதன் சுவரிலுள்ள செல்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். நீரும் சிறு மூலக்கூறுகளும் கசியும், 100 நானோமீட்டர் உருண்டை பெரும்பாலான திசுக்களில் வெளியேற முடியாது. புற்றுக்கட்டியோ வேகமாக வளர்கிறது. உணவுக்காக அது அவசர அவசரமாகப் புதுக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. நேற்று வெட்டி இன்று தண்ணீர் விட்ட வாய்க்காலின் கரை எப்படியிருக்கும்? அங்கங்கே பொத்துக்கொண்டு கசியும். கட்டியின் குழாய்ச் சுவர்களிலும் அப்படி நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அகல இடைவெளிகள் காணப்படுகின்றன. லிப்போசோம் அவற்றின் வழியே வெளியே கசிகிறது.

கசிந்தது திரும்பிப் போகவும் வழி வேண்டும். சாதாரணத் திசுவில் மிகுதியான நீரையும் பெரிய துகள்களையும் நிணநீர்க் குழாய்கள் வடித்துக்கொண்டு போகின்றன. வயலுக்கு வடிகால் இருப்பதைப்போல. கட்டியினுள் இந்த வடிகால் சரியாக அமைவதில்லை. கரை கசிகிறது, வடிகால் அடைத்திருக்கிறது என்றால் அந்த வயலில் என்ன ஆகும் என்பதை விவசாயி எவரும் சொல்லிவிடுவார். கசிந்து உள்ளே வந்ததும் தேங்கி நின்றுவிடுவதுமான இந்த நிகழ்வுக்கு இ.பி.ஆர். விளைவு என்று பெயர். ஜப்பானின் குமாமோட்டோவில் யாசுஹிரோ மட்சுமுராவும் ஹிரோஷி மயேடாவும் 1986-ல் இதை எடுத்துரைத்தார்கள்.

இந்த விளக்கத்தில் எங்கும் ‘தேடிப் போதல்’ என்ற செயல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லிப்போசோம் இரத்தத்தோடு உடல் முழுவதும் சுற்றுகிறது. கட்டி இருக்குமிடத்துக்கும் போகிறது, கட்டைவிரல் நுனிக்கும் போகிறது. கசிவுள்ள இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்குகிறது. அழற்சியும் கிருமித்தொற்றும் உள்ள இடங்களிலும் இரத்தக் குழாய்கள் கசியும் என்பதால் லிப்போசோம் அங்கும் தங்கும். நெதர்லாந்தில் தொற்றுள்ள இடங்களைக் கண்டுபிடிக்கவே இவற்றைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: கொழுப்புக் குமிழுக்கு ஒரு கதிரியக்க மணி கட்டப்படுகிறது, குமிழ் இரத்தத்தில் சுற்றுகிறது, கசிவும் தேக்கமும் உள்ள கட்டியில் படிப்படியாகச் சேர்கிறது, சேர்ந்த இடத்தை மணியோசை காட்டுகிறது. இப்படிச் சொன்னால் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். நடைமுறையில் இங்கிருந்துதான் இடர்கள் தொடங்குகின்றன.

முதல் இடர்: கல்லீரல்

1970களில் டெக்னீசியம் ஏற்றிய லிப்போசோம்களைச் செலுத்திப் படம் எடுத்தபோது தெளிவாகத் தெரிந்தவை கல்லீரலும் மண்ணீரலும்தான். அதில் வியப்பில்லை. இரத்தத்தில் வரும் அயல் துகள்களை விழுங்கி அகற்றுவதற்கென்றே அவ்வுறுப்புகளில் விழுங்கு செல்கள் குடியிருக்கின்றன. லிப்போசோம் இரத்தத்தில் கலந்தவுடன் சில புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய புரதத்தை அடையாளமாகக் கொண்டு விழுங்கு செல் அதைப் பிடித்துக்கொள்கிறது. கட்டியில் தங்குவதற்குப் பல சுற்றுகள் தேவை என்று பார்த்தோம். அதற்குமுன்பே பெரும்பகுதி பிடிபட்டுவிட்டால் கட்டிக்கு மிஞ்சுவது எது?

இதற்கு வழி பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. முதலில் உருண்டையைச் சிறிதாக்கினார்கள். சுவரில் கொலஸ்ட்ராலைச் சேர்த்து இறுக்கினார்கள். பிறகு, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீண்ட, நீரை விரும்பும் சங்கிலிகளைச் சுவரின் வெளிப்புறத்தில் நட்டார்கள். அதைச் சுருக்கமாகப் பெக் என்பார்கள். கரையோரத்தில் அடர்ந்து முளைத்த நாணல் அலைகளை அண்டவிடாததைப்போல இந்தச் சங்கிலிகளும் அவை பிடித்து வைத்திருக்கும் நீரும் புரதங்களை எளிதில் நெருங்கவிடுவதில்லை. பெக் போர்த்திய லிப்போசோம் மணிக்கணக்காக அல்ல, நாள்கணக்காக இரத்தத்தில் சுற்றுகிறது. டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை இப்படிப்பட்ட லிப்போசோமுக்குள் அடைத்த டாக்சில், 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2012-ல் அங்கே அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது அதே வகை மருந்து இந்தியாவிலிருந்து இறக்குமதியானது.

கல்லீரலை முழுவதும் ஏமாற்றிவிட முடிந்ததா என்றால் இல்லை. பெக் இருந்தாலும் இறுதியில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்குமே போகிறது. தாமதம் மட்டுமே நாம் பெற்ற ஆதாயம். இதன் விளைவு நேரடியானது. கல்லீரலில் உள்ள கட்டியை இம்முறையால் பார்ப்பது கடினம், ஏனெனில் சுற்றியுள்ள உறுப்பே பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது இடர்: மணியை எங்கே கட்டுவது

இத்துறையின் நுட்பமெல்லாம் இங்கேதான் குவிந்திருக்கிறது என்பது என் கருத்து. செய்திகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை.

எளிதாகத் தோன்றும் வழி, அணுவைச் சுவரின் வெளிப்பக்கத்தில் ஒட்டுவது. உலோக அணுவை நேரடியாக ஒட்ட முடியாது. அதைப் பல பக்கங்களிலிருந்தும் நண்டு கொடுக்கால் பற்றுவதைப்போலப் பற்றிக்கொள்ளும் ஒரு மூலக்கூறு வேண்டும். அதற்குக் கொடுக்கிணைப்பி என்று பெயர். கொடுக்கிணைப்பியைப் பாஸ்போலிப்பிட்டின் தலையோடு பிணைத்து, உலோகத்தை அதன் பிடியில் கொடுக்கலாம். செய்வதற்கு விரைவானது. ஆனால் வெளியில் தொங்கும் மணியை இரத்தத்திலுள்ள புரதங்கள் கழற்றிக்கொண்டு போக முடியும்.

மற்றொரு வழி மணியை உள்ளே வைப்பது. சுவரோ கொழுப்பு, உலோக அயனியோ நீரில் மட்டும் கரைவது, சுவரை அது கடக்காது. இதற்குக் கண்ட வழி மீன்பிடிக்கும் பறியை நினைவூட்டுகிறது. பறிக்குள் மீன் எளிதாக நுழையும். வாயிலுள்ள உள்முகக் குச்சிகளால் திரும்பி வராது. அதேபோல, உலோகத்தைத் தற்காலிகமாகச் சுமந்து கொழுப்புச் சுவரைக் கடந்து போகும் ஒரு சிறு மூலக்கூறோடு முதலில் தளர்வாகச் சேர்க்கிறார்கள். இண்டியம்-111க்கு ஆக்சின் என்பது அப்படிப்பட்ட சுமப்பான். குமிழுக்குள் அதைவிடப் பலமடங்கு வலிய பிடியுள்ள டிடிபிஏ என்னும் கொடுக்கிணைப்பி முன்கூட்டியே காத்திருக்கும். உள்ளே வந்த இண்டியத்தை அது பிடுங்கிக்கொள்ளும்; வெறும் கையோடு சுமப்பான் வெளியேறும். டெக்னீசியத்துக்கு வேறொரு சுமப்பானும், குமிழுக்குள் குளூட்டாதயோன் என்னும் பொருளும் இதே வேலையைச் செய்கின்றன. இம்முறைக்குத் தொலை ஏற்றம் என்று பெயர். லிப்போசோம்களை முன்பே தயாரித்து வைத்துக்கொண்டு, நோயாளி வந்த நாளில் கதிரியக்க அணுவை ஏற்றிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. கதிரியக்க அணு வாங்கிய நிமிடத்திலிருந்து கரைந்துகொண்டே போகும் பொருள் அல்லவா?

அறுந்து விழுந்த மணி எங்கே போகும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பிரிந்துபோன சிர்கோனியம் எலும்பில் படியும். பிரிந்த இண்டியம் இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு எலும்பு மஜ்ஜைக்குப் போகும். பிரிந்த டெக்னீசியம் தைராய்டிலும் இரைப்பையிலும் தென்படும். இதை அறியாதவர் படத்தைப் பார்த்தால் எலும்பில் புற்று பரவியிருக்கிறது என்று அஞ்சக்கூடும். டிடிபிஏ-யின் அழகு இங்கேதான் வெளிப்படுகிறது. குமிழ் உடைந்து இண்டியமும் டிடிபிஏ-யும் சேர்ந்த கூட்டு இரத்தத்தில் கலந்துவிட்டால் சிறுநீரகம் அதை விரைவாக வடிகட்டி வெளியேற்றிவிடும். அறுந்த மணி புதரில் கிடந்து ஒலிக்காமல் ஆற்றோடு போய்விடுகிறது. படத்தைப் பார்ப்பவர் ஏமாறுவதில்லை.

மூன்றாவது இடர்: பொறுத்திருக்க வேண்டிய நேரம்

மின்மினியைப் பகலில் பார்க்க முடியாது. அதன் ஒளி குறைந்துவிடவில்லை. சுற்றிலும் வெளிச்சம் அதிகம். லிப்போசோமைச் செலுத்திய முதல் சில மணி நேரம் இப்படித்தான். இதயமும் பெருங்குழாய்களும் உட்பட இரத்தம் ஓடும் இடமெல்லாம் ஒளிரும். கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துகிடக்கும். இரத்தத்திலிருந்து குமிழ்கள் குறையக் குறைய, கட்டியில் தேங்கியவை தனித்துத் தெரியத் தொடங்கும். கட்டியின் ஒளிக்கும் சுற்றுப்புற ஒளிக்கும் உள்ள விகிதத்தை உயர்த்துவதே படத்தை மேம்படுத்துதல் என்பதன் பொருள். கட்டியில் எவ்வளவு சேர்ந்தது என்பது பாதிக் கணக்கு. மற்ற இடங்களில் எவ்வளவு குறைந்தது என்பது மறுபாதி.

நாள்கணக்காகப் பொறுத்திருக்க வேண்டுமானால் மணியும் அதுவரை ஒலிக்க வேண்டும். கதிரியக்கப் பொருளின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். வழக்கமான பெட் ஸ்கேனில் பயன்படும் ஃப்ளூரின்-18க்கு அது 110 நிமிடம். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் எண்ணாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. டெக்னீசியம்-99எம்-க்கு 6 மணி நேரம். மூன்று நாளில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். தாமிரம்-64க்கு 12.7 மணி நேரம்; ஒரு நாளுக்குப் போதும், இரண்டு நாளுக்கு இழுத்துப் பிடிக்கலாம். இண்டியம்-111க்கு 2.8 நாள், சிர்கோனியம்-89க்கு 3.3 நாள், மூன்று நாள் கழிந்தும் ஏறத்தாழப் பாதி அணுக்கள் மிஞ்சியிருக்கும். நீண்ட நாள் சுற்றும் குமிழுக்கு நீண்ட அரை ஆயுள் உள்ள அணு என்று பொருத்திக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு விலையும் உண்டு. தங்கும் காலம் கூடக் கூட உடல் ஏற்கும் கதிர்வீச்சும், முக்கியமாகக் கல்லீரலும் மண்ணீரலும் ஏற்பது, கூடிக்கொண்டு போகும். ஆகவே தேவைக்குமேல் நீண்ட ஆயுளுள்ள அணுவை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

மூன்று இடர்களையும் சேர்த்துச் சொன்னால்: கல்லீரலிடமிருந்து தப்பிச் சுற்றுவதற்குப் பெக், மணி அறுந்துபோகாமலிருக்கத் தொலை ஏற்றம், பொறுத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற அரை ஆயுள். இவற்றில் ஒன்று தவறினாலும் படம் கெடும்.

நோயாளிகளிடம் கண்டது என்ன

1980களில் வெஸ்டார் என்னும் அமெரிக்க நிறுவனம் இண்டியம்-111 ஏற்றிய லிப்போசோமை வெஸ்கேன் என்ற பெயரில் புற்றுநோயாளிகளிடம் சோதித்தது. கட்டிகள் தெரிந்தன. ஆனாலும் அது மருத்துவமனைகளின் அன்றாடப் பரிசோதனையாக மாறவில்லை.

இன்றும் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் ஆய்வு, லண்டனில் நடந்து 2001-ல் வெளியானது. முற்றிய புற்றுநோயுள்ள 17 பேருக்கு, டாக்சிலின் அமைப்பை ஒத்த, ஆனால் மருந்து இல்லாத லிப்போசோமில் இண்டியம்-111ஐ ஏற்றிச் செலுத்தினார்கள். 15 பேருக்குக் கட்டி படத்தில் தெரிந்தது. இரத்தத்தில் குமிழ்களின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 76 மணி நேரம் பிடித்தது. மூன்று நாள் கழித்துக் கட்டியில் சேர்ந்திருந்தது, செலுத்தியதில் 0.5 முதல் 3.5 விழுக்காடு. ஆம், நூறில் ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்றரை. ‘கட்டியை மட்டும் குறிவைக்கும்’ என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

அந்த ஆய்வின் மற்றோர் எண் இன்னும் முக்கியமானது. கட்டிகளின் எடை வெவ்வேறாக இருப்பதால், ஒரு கிலோ கட்டித்திசுவாக இருந்தால் செலுத்தியதில் எத்தனை விழுக்காடு சேர்ந்திருக்கும் என்று சராசரி கணக்கிட்டார்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளில் 33 விழுக்காடு, நுரையீரலில் 18.3, மார்பகத்தில் 5.3. அதே குமிழ், அதே அணு, அதே முறை. கட்டிக்குக் கட்டி ஆறு மடங்கு வரை வேறுபாடு. கசியும் கரை என்று நாம் சொன்ன உவமை எல்லாக் கட்டிக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது. சில கட்டிகளில் குழாய்களே குறைவு. சிலவற்றின் உள்ளே அழுத்தம் மிகுந்து, வருவதை வெளியே தள்ளுகிறது.

நாய்களுக்கு இயற்கையாக வரும் புற்றுநோயிலும் இதே கதைதான். டென்மார்க் ஆய்வாளர்கள் தாமிரம்-64 லிப்போசோமைக் கொண்டு 11 நாய்களைப் பெட் ஸ்கேனில் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். கார்சினோமா என்னும் வகைப் புற்றுள்ள ஏழில் ஆறில் லிப்போசோம் நன்கு சேர்ந்தது. சார்கோமா என்னும் வகையில் நான்கில் ஒன்றில் மட்டுமே தங்கியதற்கான அறிகுறி தெரிந்தது.

ஆய்வகச் சுண்டெலிகளின் படங்கள் மட்டும் ஏன் அவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன என்ற கேள்வி எழலாம். 20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடலில் ஒரு கிராம் கட்டியை வளர்த்தால் அது உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதருக்கு அது 3 கிலோ கட்டிக்குச் சமம். சில வாரங்களில் வீங்கி வளர்ந்த அந்தக் கட்டியின் குழாய்களும், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்த மனிதக் கட்டியின் குழாய்களும் ஒன்றாக இருக்க முடியாது. கட்டிக்குள் நுழையும் வழியைப் பற்றியே இப்போது மறு ஆய்வு நடக்கிறது: கனடாவின் டொரண்டோ ஆய்வாளர்கள் 2020-ல், சுண்டெலிக் கட்டிகளில் தங்க நானோ துகள்கள் பெரும்பாலும் இடைவெளி வழியாகப் புகுவதில்லை, குழாய்ச் சுவரின் செல்களே அவற்றை வாங்கி அப்புறம் கடத்துகின்றன என்று காட்டினார்கள். லிப்போசோமுக்கும் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது விவாதத்தில் இருக்கிறது. தேங்குகிறது என்பதில் மாற்றமில்லை; எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதே கேள்வி.

வழக்கமான பெட் ஸ்கேன் இருக்க இது எதற்கு

இன்று மருத்துவமனைகளில் ‘பெட் சிடி எடுத்து வாருங்கள்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் பயன்படுவது எஃப்டிஜி. ஃப்ளூரின்-18 பொருத்திய சர்க்கரையைப் போன்ற பொருள் அது. அது காட்டுவது செல்களின் சர்க்கரைப் பசியை. ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துவிடலாம். காசநோய்ப் புண்ணும் சர்க்கரையை இழுக்கும் என்பதால் நம் நாட்டில் அதைப் புற்று என்று தவறாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு என்றாலும், கட்டி இருக்கிறதா, எங்கே பரவியிருக்கிறது என்ற கேள்விக்கு அதையே முதலில் நாடுகிறார்கள். மூன்று நாள் பொறுத்திருக்க வேண்டிய லிப்போசோம், அழற்சியிலும் தங்கும் லிப்போசோம், அந்த இடத்தைப் பிடிக்கப்போவதில்லை என்பதே என் எண்ணம். அதை அந்தப் போட்டியில் நிறுத்துவதே பிழை.

அது விடைசொல்லும் கேள்வி வேறு: லிப்போசோமில் அடைத்த மருந்து இந்த நோயாளியின் இந்தக் கட்டிக்குள் போய்ச் சேருமா? மருந்தைச் சுமப்பதும் குமிழ், மணியைச் சுமப்பதும் அதே வகைக் குமிழ். முதலில் மணி கட்டிய குமிழை அனுப்பிப் பார்த்துவிட்டால் பின்னால் போகும் மருந்தின் வழி தெரிந்துவிடும். எஃப்டிஜி எவ்வளவு பளிச்சென்று ஒளிர்ந்தாலும் இதைச் சொல்லாது.

இதற்கு ஒரு மெய்யான எடுத்துக்காட்டு எம்எம்-302. ஹெர்2 என்னும் புரதம் மிகுந்த மார்பகப் புற்றுக்காக, அப்புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் துண்டுகளை மேலே பொருத்தி, உள்ளே டாக்சோரூபிசினை அடைத்த லிப்போசோம் அது. எதிர்ப்பொருள் இருப்பதால் இதுவாவது தேடிப் போகுமோ என்று கேட்கலாம். இதுவும் இரத்தத்தோடு சுற்றிக் கசிந்துதான் கட்டிக்குள் வருகிறது, வந்தபின் செல்லைப் பற்றிக்கொள்வது மட்டுமே கூடுதல். புற்று பரவியிருந்த 19 பேருக்குத் தாமிரம்-64 ஏற்றிய அதே மருந்தைக் கொடுத்துப் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, ஒரு கிலோ திசுக் கணக்கில் 0.52 முதல் 18.5 விழுக்காடு வரை, 35 மடங்கு வேறுபாட்டோடு, அது கட்டிகளில் சேர்ந்திருந்தது. எலும்பிலும் மூளையிலும் பரவிய கட்டிகளில்கூடச் சேர்ந்திருந்தது. நன்கு சேர்ந்தவர்களுக்குச் சிகிச்சையின் பலனும் மேலாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதன்மேல் பெரிய முடிவுகளைக் கட்டக்கூடாது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 2016-ல், எம்எம்-302இன் பெரிய மருத்துவச் சோதனை, ஒப்பிடப்பட்ட சிகிச்சையைவிட மேலான பலன் தெரிய வாய்ப்பில்லை என்று நிறுத்தப்பட்டிருந்தது. 35 மடங்கு வேறுபடும் உடல்களுக்கு ஒரே மருந்தைக் கொடுத்துச் சராசரியைப் பார்க்கும்போது, யாருடைய கட்டிக்கு அது நன்றாகப் போய்ச் சேர்ந்ததோ அவர்கள் அந்தச் சராசரிக்குள் காணாமல் போகிறார்கள். அவர்களை முன்கூட்டியே பிரித்தறியக்கூடிய கருவி ஒரு ஸ்கேன் அறையிலேயே இருக்கிறது என்பதால்தான் இந்த ஆய்வுகள் இன்றும் நடந்துகொண்டிருக்கின்றன.